துப்பாக்கி துடைத்த துணி

“நாச்சிமுத்துவைப் பாக்கணுங்க. இப்பவே.”

சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

எனக்கு இந்த வேலையைக் கொடுத்த பனியன் கம்பெனி முதலாளி சிவசுப்பிரமணியம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். யாரை வேண்டுமானாலும் விசாரி, லாக்கப்பில் இருக்கும் வாட்ச்மேனைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் வாயைத் திறக்காதே. “கொலைகாரங்கிட்டப் பொம்பளைப் புள்ளைக்கு என்ன பேச்சு கண்ணு?” என்றார். அவர் வேண்டாம் என்று சொன்ன நிமிஷமே நான் முதலில் எங்கே போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

“முதலாளி அப்படி ஒண்ணும் சொல்லி அனுப்பலையே” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“முதலாளி சொல்றதுக்குத் தலையாட்ட நீங்க இருக்கீங்க. அந்த வேலைக்கு இன்னொரு ஆள் எதுக்குங்க?”

எனக்குப் பின்னால் சென்னிமலையண்ணன் இருமினார். பல்லடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓனரின் மச்சானிடம் டிக்கெட் கேட்ட குற்றத்துக்காக நடுரோட்டில் இறக்கிவிடப்பட்டவர். இப்போது என் உதவியாளர். கோயமுத்தூரில் ஒரு வக்கீல் மாடியில் ‘வள்ளியாத்தாள் பி.எஸ்ஸி., துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியதிலிருந்து எங்களுக்கு வந்த கேஸெல்லாம் மாப்பிள்ளை குடிப்பானா, பெண் முன்பு யாரோடாவது பேசினாளா என்பவைதான். இதுதான் முதல் கொலை.

“ஏனுங் சார்” என்றார் சென்னிமலையண்ணன் பணிவாக. “அம்மிணி பார்வைக்குத்தான் இப்படி. உள்ள உடலைன்னா கலெக்டருக்கு இங்கிலீசுல பெட்டிஷன் எழுதும். எழுதுச்சுன்னா நிறுத்தாது. போன தடவை எழுதுனதைப் படிக்கவே தாசில்தார் லீவு போட்டாரு.”

இங்கிலீஷ் என்ற சொல்லுக்கு நம் ஆபீஸ்களில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. சாவி வந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஆயுத பூஜை அன்று பொழுது இறங்கிய நேரத்தில் கம்பெனியின் வேஸ்ட் குடோனில் கட்டிங் மாஸ்டர் சாமியப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்பெனியில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஒன்றே ஒன்று. இரவுக் காவலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு திரிபவர் நாச்சிமுத்து, பழைய பட்டாளத்துக்காரர். விடிவதற்குள் போலீஸ் அவருடைய கொட்டகையில் துப்பாக்கியைக் கண்டெடுத்தது. குழல் சுத்தமாகத் துடைத்திருந்தது. பக்கத்தில் அவர் துடைப்புச் சாமான் வைக்கும் தகர டப்பா, அதில் எண்ணெயும் கரியும் ஏறிய துணித்துண்டுகள், அவற்றில் சிவப்புக் கறை. சுட்டதும் துப்பாக்கியைத் துடைத்து வைக்கும் பழக்கம் பட்டாளத்தானைத் தவிர யாருக்கு இருக்கும்? கேஸ் முடிந்தது. நாளைக்குக் கோர்ட். இப்படியே போனால் அந்த மனிதருக்குத் தூக்கு, அவர் சம்சாரம் மருதம்மாளுக்கு வெள்ளைச் சேலை.

நாச்சிமுத்து கம்பிக்குப் பின்னால் அட்டென்ஷனில் நிற்பதுபோல நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொம்பளையவா அனுப்பியிருக்கானுக?”

“ஆம்பளைக எல்லாஞ் சேந்துதான் உங்களை உள்ள தள்ளியிருக்காங்க. துப்பாக்கி அன்னைக்கு எங்கே இருந்துச்சு?”

“மத்தியானமே பூஜைக்குக் குடுத்தாச்சு. சந்தனம் பூசிப் பொட்டு வெச்சு, பூஜை ரூமுல பலகை மேல வெச்சதை நடையில நின்னு பாத்துட்டுத்தான் கம்பெனி கேட்டுக்குப் போனேன். அப்பறம் அது என் கைக்கு வரவே இல்லை. வெறும் தடியோட நின்னேன், பர்மா சண்டையில தோட்டா தீந்தவனாட்ட.”

“இந்த வருசம் துப்பாக்கியப் பூஜைக்கே வைக்கலைன்னு முதலாளியும் அவரு மகனும் சொல்றாங்களே?”

“சொல்லுவானுக. அவனுக சொல்றது வேதம், நான் சொல்றது நாய் ஊளை.”

ஆக, கேஸ் முழுக்க ஒரு கேள்விதான். அன்று இரவு துப்பாக்கி வாட்ச்மேன் கையில் இருந்ததா, முதலாளி வீட்டுப் பூஜை அறையில் இருந்ததா?

சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் அந்தத் தகர டப்பா இருந்தது. நான் திறந்தேன். துண்டுகளெல்லாம் போயிருந்தன. அடியில் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று மிச்சம். அதன் பக்கத்தில் நூல் சுற்றிய ஒரு சுருள் பிளானல், மேலே பஞ்சு எழுப்பிய மெத்துத் துணி, கை படாமல் அப்படியே கிடந்தது.

“மத்ததெல்லாம் எங்கீங்க?”

“‘ரத்தக்கறை படிந்த துணிகள்’னு என் கையாலயே எழுதி, சீல் வெச்சு, காலைலயே கோர்ட்டுல சேத்தாச்சு. அங்கிருந்து மெட்ராஸ் கெமிக்கல் ஆபீசுக்குப் போகும்” என்றார் பெருமையாக. “அந்த ஒண்ணு வேணும்னா எடுத்துக்க. ஞாபகார்த்தமா வெச்சுக்க.”

அதையும் பிளானல் சுருளையும் எடுத்துக்கொண்டேன். அவருடைய அலட்சியத்துக்கு வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

துண்டைக் கம்பிக்கு வெளியே பிடித்துக் காட்டினேன். நாச்சிமுத்து மோந்து பார்த்தார். அந்த முகத்தில் பயம் வரவில்லை. அருவருப்பு வந்தது.

“இதென்ன எழவு, பனியனா? தூ! நான் பிளானல் தவிர எதையும் குழலுக்குள்ள உட்டதில்லை. அதுக்குக் கத்திரிகூட வெக்க மாட்டேன். இழை புடிச்சுக் கையில கிழிச்சா நேரா வரும். பனியனைப் போட்டுத் துப்பாக்கி துடைக்கறவன், பொண்டாட்டி முந்தானையில பல்லு வெளக்கறவன்.”

“ஏன், பனியன் துணிக்கு என்ன கொறை?”

“அது துணியா? ஓட்டை. நூல் போட்டுக் கோத்த ஓட்டை. போ, போய்ப் புள்ளை குட்டியப் பாரு.”

வெளியே வந்ததும் சென்னிமலையண்ணன் காதோரம் கேட்டார். “ஏனுங் அம்மிணி, இந்தாளைக் காப்பாத்தியே ஆகணுங்களா?”

“ஆகணும். வாயிக்குத் தூக்குன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை.”

“சட்டத்துல விட்டுப் போச்சாட்டிருக்குது.”

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. திருப்பூரில் சைக்கிள் கடைக்காரன் கை துடைப்பதற்குக்கூட பத்து வகைத் துணி வைத்திருப்பான். பனியன் கம்பெனி கழித்துப் போடும் வேஸ்ட் மூட்டையில் பாதி அங்கேதான் போய்ச் சேரும். அண்ணன் ஒரு கை நிறைய அள்ளி வந்தார். ஸ்டேஷன் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஏட்டிடம், “ஏட்டய்யா, இந்தத் துப்பாக்கியை எப்பத் துடைச்சீங்க? குழலுக்குள்ள கரப்பான் குடும்பம் நடத்துதே” என்று வம்புக்கிழுத்து, துடைத்துத் தருவதாகச் சொல்லித் துப்பாக்கியையும் குழல் துடைக்கும் கம்பியையும் வாங்கிவிட்டார். தோட்டா இல்லாத துப்பாக்கி. இருந்திருந்தாலும் ஏட்டுக்குத் தெரிந்திருக்காது.

முதலில் கோரா. சலவைக்குப் போகாத பழுப்புப் பனியன் துணி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அது உள்ளே போகாமல் குண்டுமணி மாதிரி மேலேயே உட்கார்ந்தது. பருத்தியின் மெழுகு போகாத துணி எதையும் குடிக்காது. இது எனக்குக் கல்லூரியில் தெரிந்த விஷயம் அல்ல. என் அப்பா சலவைத் தொட்டியில் நின்று நின்று தெரிந்துகொண்ட விஷயம், கல்லூரியில் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள்.

அடுத்தது கஞ்சி போட்ட பாப்ளின். எண்ணெய் பட்டதும் கஞ்சி கரைந்து வழவழவென்று குழலில் அப்பியது.

“துடைக்கச் சொன்னா தோசை சுடுது” என்றார் அண்ணன்.

அப்புறம் சலவை செய்த சாதா பனியன் துணி. எண்ணெயை நன்றாகக் குடித்தது. ஆனால் வெட்டிய உடனே ஓரம் சுருண்டுகொண்டது. கம்பி நுனியில் வைத்தால் ஒரு பக்கமாக ஒதுங்கி, இரும்பு குழலில் உரசியது. கடைசியாக நாச்சிமுத்துவின் சுருளிலிருந்து பிளானல். அவர் சொன்னதுபோல நேராகக் கிழிந்தது. எண்ணெய் குடித்தது. கரியை வழித்தது. வெளியே எடுத்துக் குழலை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பூனை ரோமம்போலப் பிசிர் ஒட்டியிருந்தது.

“பட்டாளத்துக்காரர் இதைத்தானே தலையில வெச்சு ஆடுனாரு?”

“ஆமாண்ணா. இப்ப இதைப் பாருங்க.”

டப்பாவில் கிடைத்த துண்டை விரித்தேன். இரண்டு முகமும் ஒன்றுபோலப் பின்னிய துணி. இன்டர்லாக். எண்ணெய் மறுபக்கம் வரை இறங்கியிருந்தது. ஓரம் சுருளவில்லை. பிசிர் ஒரு இழைகூட இல்லை. இருக்கிற துணியிலேயே துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

“அப்ப நாச்சிமுத்து சொன்னது தப்புங்களா?”

“சுத்தமாத் தப்பு. அவர் உயிர் தப்புறதே அதுலதான் இருக்குது. பக்கத்துலயே பிளானல் சுருள் கெடக்குது, தொடலை. பிளானல்னா உயிரை விடற ஆள் அதை விட்டுட்டு, பனியன்ல எது ஒசத்தின்னு தேடி எடுப்பாரா? இதைத் தேர்ந்தெடுத்தவனுக்குத் துப்பாக்கி தெரியாது. துணி தெரியும். நெம்ப நல்லாத் தெரியும்.”

“திருப்பூருல துணி தெரிஞ்சவனைப் பூராவும் புடிக்கறதுன்னா ரயில் விடோணும்.”

“இன்டர்லாக் எல்லார்கிட்டயுமா இருக்குது?”

அண்ணன் சைக்கிள் கடைக்காரரைக் கூவிக் கேட்டார். பதில் அங்கிருந்தே வந்தது. “அந்த வேஸ்ட் இன்னும் வெளிய வர்லீங்ணா! ஊருலயே சிவசுப்பிரமணியம் கம்பெனிக்கு மட்டுந்தான் இப்ப மிஷின் எறங்கியிருக்குது!”

அண்ணன் விசில் அடித்தார். கண்டக்டர் விசில், நீளமாக.

“இன்னொண்ணும் பாருங்க” என்றேன். “ரத்தம்.”

துண்டின் வெட்டிய ஓரத்தில் சிவப்பு இருந்தது. அதன் கூடவே லேசான மஞ்சள். கறை நடுவில் இல்லை, சிதறவில்லை. வெட்டின கோட்டை ஒட்டிச் சாய்வாக இழுத்திருந்தது.

“ரத்தம் அடிக்குச்சி வெச்சுக் கோடு போட்டிருக்குதே” என்றார் அண்ணன்.

“அதுவும் இத்தனை நாள் ஆகியும் கருக்காம. நம்ம சப்-இன்ஸ்பெக்டர் ஆட்டுக்கறி திங்கறவர்தானே? ரத்தம் காஞ்சா என்ன நிறம்னு ஆட்டுக்கடையிலயாவது பாத்திருக்க மாட்டாரா?”

“அவரு கறியத்தானுங்க பாப்பாரு.”

கம்பெனிக்குப் போனோம். கட்டிங் மேஜையில் சாமியப்பன் நின்ற இடம் காலியாக இருந்தது. மூலையில் நாலைந்து பெண்கள் பனியன்களில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பழனியம்மாள். வாயாடி என்று சூப்பர்வைசர் எச்சரித்தார். அப்படிப்பட்டவர்தான் எனக்கு வேண்டும்.

“ஆயுத பூஜை அன்னைக்கு உங்க கத்திரி எங்க இருந்துச்சுங்கக்கா?”

“ஏது கத்திரி? காலைலயே பெரிய முதலாளி வந்து, கட்டிங் கத்திரி, நூல்வெட்டற கத்திரி, பேனாக்கத்தி மொதக்கொண்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு ஒரு கத்திரி வெளிய கெடந்தாலும் சாமிக் குத்தமாமா. லாரிக்குப் போற சரக்கு அவசரம்னு நாங்க மத்தியானம் வரைக்கும் நூலைப் பல்லுல கடிச்சுத் துப்பிட்டு இருந்தோம். இங்க பாரு, ஈறு இன்னும் வீங்கிக் கெடக்குது.” காட்டினார். உண்மையிலேயே வீங்கியிருந்தது.

“எப்பத் திருப்பிக் குடுத்தாங்க?”

“மறுநா எட்டு மணிக்குப் பூஜை ரூமைத் தொறந்து, பொட்டெல்லாம் தொடைச்சுக் குடுத்தாங்க. அதுக்குள்ளதான் நாச்சிமுத்தைக் கோழி கூப்பட வந்து புடிச்சுட்டுப் போயிட்டாங்களே.”

“இன்டர்லாக் துணி?”

“மொத ரோலு. அதுக்கும் பூஜைதான். பொடவை சாத்துனாப்புல சந்தனம் தெளிச்சுப் பலகையில வெச்சாங்க. நாந்தான் சுருட்டிக் குடுத்தேன்.” குரலைத் தாழ்த்தினார். “சாமியப்பண்ணன் மறுநாத் தனியா கம்பெனி ஆரம்பிக்கறதா இருந்தாரு. விஜயதசமிக்குப் போர்டு மாட்டறதுன்னு எங்க நாலு பேரையும் கூப்புட்டிருந்தாரு. அதுக்குச் சின்ன முதலாளி, ‘எங்க மேஜையில கத்திரி புடிக்கப் பழகுன நாயி எங்களுக்கு எதுக்க கடை போடறதா’ன்னு குதிச்சாரு. இதைச் சொன்னேன்னு சொல்லிராத கண்ணு.”

சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பனியன் துணியைக் கையால் கிழிக்க முடியாது, இழுத்தால் நீளும். கத்திரி வேண்டும். அந்த இரவு கம்பெனிக் கத்திரியெல்லாம் பூட்டிய பூஜை அறையில். துணியும் அதே அறையில். நாச்சிமுத்து சொன்னதுபோலத் துப்பாக்கியும் அங்கேயே இருந்திருந்தால், மூன்றும் ஒரே பலகை மேல், ஒரே சாவிக்குள்.

“ரைட், போலாங்களா?” என்றார் அண்ணன்.

“ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கிட்டுப் போலாம்.”

சிவசுப்பிரமணியத்தின் வீட்டு முன் அறையில் பெரிய குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலாளி ஊஞ்சலில். மகன் குமாரசாமி நாற்காலியில், சட்டையில் மடிப்புக் கலையாமல். இந்த ஊரிலேயே துணி பார்ப்பதில் கைராசிக்காரன் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் நூல் நம்பர் சொல்வானாம். பி.ஏ.வில் இரண்டு தடவை தோற்றவன் என்பதை யாரும் சொல்வதில்லை.

எங்களை உட்காரச் சொல்லவில்லை. கம்பெனியில் சலவைத் தொட்டி மிதிக்கும் ஆறுச்சாமியின் மகள் அந்த வீட்டில் உட்கார்ந்த சரித்திரம் இல்லை.

“என்ன கண்ணு, ரிப்போர்ட் ஆச்சா?” என்றார் முதலாளி. “தொழிலாளிக என்னென்னமோ பேசிக்கறாங்க. உன்னையாட்டப் படிச்ச புள்ளை, அதுவும் அவங்கள்ல ஒருத்தரோட புள்ளை எழுதுனா அடங்கிருவாங்க.”

“ஆச்சுங்க. கொலை பண்ணுனவன் ஒரு சுத்த முட்டாள்னு எழுதப் போறேன்.”

குமாரசாமி சிரித்தான். “நாச்சிமுத்து வேற என்னவாம்?”

“துப்பாக்கி துடைக்கறதுக்குத் துணி எடுக்கக்கூடத் தெரியலை பாருங்க. இன்டர்லாக்கைப் போய் எடுத்திருக்கான். சாதா பனியன் துணியே போதும், அதுதான் நல்லது. இதுகூடத் தெரியாத ஜென்மம்.”

“சாதா துணியா?” அவன் முகம் சுளித்தது. அந்தச் சுளிப்பை நான் நன்றாக அறிவேன். நான் சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் சுளிப்பு. “படிச்சிருக்கியே தவிர ஒரு மண்ணும் தெரியலை. சாதா துணி வெட்டுன ஒடனே சுருண்டுக்கும்.”

“சுருண்டா என்னங்க? எண்ணெயக் குடிச்சாப் பத்தாதா?”

“என்ன பேசறே நீ? சுருண்டா கம்பி நுனியில நிக்காது. ஒரு பக்கமா ஓடிப்போயி இரும்பு குழல்ல கீறும்.”

“அப்பப் பிளானல்?”

“அது பிசிர் உடும். உள்ள போயி முடிமுடியா ஒட்டிக்கும். அதை எடுக்க இன்னொருக்கா உடோணும். இன்டர்லாக்தான் ஒரே இழுப்புல…”

ஊஞ்சல் நின்றது.

“ஒரே இழுப்புல?” என்றேன். “சொல்லுங்க. துப்பாக்கியத் தொட்டதே இல்லைன்னு போலீசுல சொன்னீங்களாமா. கம்பியில நிக்குமா, குழல்ல ஒட்டுமான்னு எங்க பாத்தீங்க?”

குமாரசாமி அப்பாவைப் பார்த்தான். பாவம், பதில் சொல்ல இன்னொருவரைப் பார்த்தே வளர்ந்தவன்.

“துணி யாவாரி மகன். கேள்விப்பட்டிருப்பான்” என்றார் முதலாளி.

“சரிங்க. அப்ப இதையும் கேள்விப்படட்டும்.”

துண்டை விளக்கடியில் விரித்தேன். சென்னிமலையண்ணன் எலுமிச்சம்பழத்தைப் பல்லால் கடித்துக் கொடுத்தார். சிவப்புக் கோட்டின் ஒரு நுனியில் மட்டும் பிழிந்தேன். சிவப்பு மங்கியது. வெளுத்தது. எங்கள் நாலு பேர் கண்ணெதிரே மஞ்சளாக மாறியது.

“ரத்தத்துல எலுமிச்சை பட்டா மஞ்சளாகாதுங்க. குங்குமத்துல பட்டா ஆகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்துப் பண்ணுன குங்குமம். பூஜைக்குப் பொட்டு வெச்ச கத்திரியில வெட்டுன துணி இது. கத்திரி அலகுல இருந்த சந்தனமும் குங்குமமும் வெட்டுன ஓரத்துல தீத்தியிருக்குது. பொட்டு வெச்ச கத்திரியெல்லாம் அன்னைக்கு ராத்திரி உங்க பூஜை ரூமுல. காலைல கதவைத் தொறந்தப்போ நாச்சிமுத்து லாக்கப்புல. இந்தத் துணியை அவர் எப்படிங்க வெட்டியிருப்பாரு? பல்லுல கடிச்சா?”

குமாரசாமி எழுந்தான். “அப்பா, நான்…”

“உக்காருடா.” கிழவர் குரல் உயரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்கூட இல்லை. “எனக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும். சுட்டுப்போட்டுத் தொடைச்சுத் திருப்பிப் பலகையில வெச்சிட்டா போதும்னு நெனச்சிருக்கான், மடையன். கொட்டகையில கொண்டுபோய் வைக்கச் சொன்னது நாந்தான்.”



“அப்ப என்னை எதுக்குங்க கூப்புட்டீங்க?”

“ஆறுச்சாமி மக சொன்னதை எழுதும்னு நெனச்சேன்.” சலிப்பாகச் சொன்னார். அதில் வெட்கம் இல்லை. கணக்கு ஒரு இடத்தில் பிசகிவிட்ட எரிச்சல் மட்டும் இருந்தது. “இப்பவும் எழுதும். நாச்சிமுத்து யாரு? வாயத் தொறந்தா வசவு. அவனுக்கு அழுகறதுக்குப் பொண்டாட்டிய உட்டா ஊருல ஒரு ஆள் இல்லை. எம்மகன் இல்லைன்னா இந்தக் கம்பெனியில நூறு அடுப்பு எரியாது. அதுல உங்க அடுப்பும் ஒண்ணு.”

பேசிக்கொண்டே ஊஞ்சலிலிருந்து குனிந்து, துண்டை இரண்டு விரலால் எடுத்து, குத்துவிளக்கின் சுடரில் பிடித்தார். எண்ணெய் ஊறிய துணி. குப்பென்று பிடித்தது. தாம்பாளத்தில் போட்டார். அது கருகிச் சுருங்குவதை அப்பனும் மகனும் பார்த்தார்கள். மகன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

“இப்ப என்ன பண்ணுவே?” என்றான் குமாரசாமி.

“நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க. உங்க சப்-இன்ஸ்பெக்டர் உங்க மேல வெச்ச விசுவாசத்துல மத்த துண்டையெல்லாம் சீல் வெச்சு, கையெழுத்துப் போட்டு, காலைலயே கோர்ட்டுல சேத்துட்டாரு. ரத்தக்கறைன்னு பேரு வெச்சு. அதை இனி நீங்களும் தொட முடியாது, அவரும் தொட முடியாது. மெட்ராசுல அதைக் குங்குமம்னு கண்டுபிடிக்கப் போறவங்க உங்க கம்பெனியில சம்பளம் வாங்கறதில்லை.”

ஊஞ்சல் சங்கிலி ஒருமுறை கிறீச்சிட்டது. முதலாளி எழுந்து நின்றார். அப்போதுதான் முதல்முறையாக எனக்காக எழுந்தார்.

“உங்கப்பன் நாளைக்கு என் சலவைத் தொட்டியில எறங்க மாட்டான்.”

“நல்லதுங்க. எறங்கி எறங்கி அவரு காலு வெந்து கெடக்குது. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு, நீங்களாவது நிறுத்துங்க.”

“ஒரு வாட்ச்மேனுக்காகவா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அவருக்குப் புரியும் என்று நம்ப வேண்டும். நான் நம்பவில்லை. படியிறங்கினேன். சென்னிமலையண்ணன் மிச்ச எலுமிச்சம்பழத்தைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, “திருஷ்டி கழிக்க ஆகுமுங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார்.

“ரிப்போர்ட் எழுதற சோலி இல்லைங்களா அம்மிணி?”

“இல்லைண்ணா. கூண்டுல ஏறிச் சொல்லப் போறேன். மருதம்மாள் ஊடு எது? நாச்சிமுத்து சம்சாரம். அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு வக்கீல்கிட்டப் போயி, சாட்சிக்கு என் பேரைக் குடுக்கணும்.”

“குடுங்க. ஆனா அந்தாளு வெளிய வந்ததும் உங்களுக்கு ஒரு கும்புடு போடுவான்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. ‘பொம்பளை பேசியா நான் தப்பிக்கணும்’னு வைவான்.”

“வையட்டும்” என்றேன். கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியிருந்தேன். “வெளியில நின்னு வையட்டும்.”